வலது காதின் தடிமன்

திங்கட்கிழமை வயிற்று மயிரை மழித்தோம்.
ஜெமோவித் பிடித்துக்கொள்ள நான் ஒரு சொட்டு வைத்தேன்:
நாலு பங்கு அசிட்டோன், ஒரு பங்கு ஆலிவ் எண்ணெய்,
அதில் கரைந்த சிறு விஷமம்.
எலி தன் வயிற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்
தூங்கப் போனது.

ஐந்து நாள் ஒன்றுமில்லை.
விஸ்துலா ஆற்றின் மேல் கரிப்புகையும் பனியும்.
நான் மரத்தூள் மாற்றினேன், தண்ணீர்க் குப்பி கழுவினேன்,
டிராமில் நின்றபடி எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன்.

தோலுக்கடியில் மட்டும் வேலை நடந்தது.
அந்தத் துகள் தனியாக வந்தால்
யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்,
அத்தனை சிறிசு.
எலியின் சொந்தப் புரதம் ஒன்றின் தோளில் கை போட்டுக்கொண்ட பிறகுதான்
இரண்டுமே அந்நியம்.
கிளைக்கைகள் விரித்த ஒரு செல்
அதை வாயில் கவ்வி
தொடையிடுக்கின் நிணநீர்க் கணு வரை நடக்கிறது, புகார் சொல்ல.
அங்கே நெரிசலில் எத்தனையோ டி-செல்கள்
பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகின்றன.
ஒன்று மட்டும் நிற்கிறது.
நின்றது இரண்டாகிறது, நாலாகிறது,
எண்ணி முடிப்பதற்குள் ஒரு தெருவே அந்த முகத்தை அறிந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை
வலது காதில் அதே சொட்டு.
இடது காதில் வெறும் எண்ணெயும் அசிட்டோனும்.

ஞாயிறு. கட்டடத்தில் நாங்கள் இருவர்தான்.
எது எந்தக் கூண்டென்று எனக்குச் சொல்லக் கூடாது;
தெரிந்தால் விரல் தனக்குப் பிடித்த பக்கம் திருகிவிடும்.
மைக்ரோமீட்டரின் தாடை காதை மெல்லக் கவ்வ, வாசித்தேன்.
இடது இருநூற்றுப் பத்து மைக்ரான்.
வலது முந்நூற்று எண்பது.
சிவந்து, சூடாக,
ஜன்னல் வெளிச்சத்தை உள்ளே விடாத காது.

தாமதமாக வரும் கோபம் இது.
கொசுக்கடி போல உடனே இல்லை.
ஒரு இரவு யோசித்து,
ஆள் சேர்த்துக்கொண்டு வரும்.

போன வருடம்
வீங்கிய எலியின் ரத்தநீரைப்
புது எலிக்குக் கொடுத்தோம். காது அசையவில்லை.
செல்களைக் கொடுத்தோம்.
அந்தப் பொருளை ஒருநாளும் சந்திக்காத எலிக்கு
மறுநாள் காது தடித்திருந்தது.
இன்னொருத்தரின் மனக்கசப்பை
ஊசியில் வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஒடிலியா, உன் காது,"
என்றான் ஜெமோவித்.

வெள்ளி இரவு கலினா வந்திருந்தாள்,
என் கணவரின் முதல் தாரத்து மகள்.
நாலு வருடம் என் மேசையில் தண்ணீர்கூடக் குடிக்காதவள்
கசங்கிய காகிதத்தில் ஒரு ஜோடி தோடு கொடுத்தாள்.
மலிவான வெள்ளை உலோகம்,
நிக்கல் என்று பார்த்ததுமே தெரிந்தது.
பதினாறு வயதில் சந்தையில் வாங்கி மாட்டி
ஒரு வாரம் சீழ் வடிந்த காது என்னுடையது.
முப்பத்தொரு வருடம் ஆயிற்று, மறந்திருக்கும்
என்று சொல்லிக்கொண்டேன்.
இல்லை, அப்படிச் சொல்லவில்லை.
எல்லாம் தெரிந்தே
அவள் பார்க்கக் கண்ணாடி முன் நின்று மாட்டினேன்.
"நல்லா இருக்கு," என்றாள்.
பீட்ரூட் சூப் இரண்டு கிண்ணம் குடித்தாள்.

மூன்றாவது அலமாரியில் வேறு எலிகள் இருக்கின்றன.
அந்தப் பொருளை முதலில் வாய்வழி ஊட்டி வளர்த்தவை.
பிறகு தோலில் எத்தனை முறை தடவினாலும்
அவற்றின் காது அநேகமாக வீங்குவதில்லை.
சாப்பாடாக வந்ததைக்
குடல் மன்னித்துவிடுகிறது; அந்தச் செய்தி தோல் வரை போகிறது.
எப்படி என்று பாதிதான் தெரியும்.
மீதிப் பாதிக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஜெமோவித் சிரிக்காமல்
மைக்ரோமீட்டரை என் காதருகே கொண்டுவந்தான்.
தாடை போதவில்லை. எலிக்குச் செய்த கருவி.
எப்படியும் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை என்றேன்.
இரண்டு காதிலும் போட்டிருந்தேன்.
ஒப்பிடக் காது இல்லை.

தோட்டைக் கழற்றிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
டிராமிலிருந்து இறங்கி
எங்கள் வாசலுக்கு முந்தின முனையில், விளக்குக் கம்பத்தடியில்,
மறுபடி மாட்டினேன்.